சேம அச்சும் கேரவனும்: லாரிக்குள் வீடு கட்டியவர்களின் வரலாற்றுக்குச் சில குறிப்புகள்

பூந்தமல்லியைத் தாண்டி நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் பக்கம் படப்பிடிப்பு நடக்கிற நாட்களில் நீளமாய், கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டிகள் வந்து நிற்கும். கேரவன் என்பார்கள். தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்று புழக்கத்தில் இருப்பது ஒரே அர்த்தம்தான்: நடிகர் உட்காருகிற வண்டி. அதே சாலையின் ஓரத்தில் வரிசையாக லாரிகளும் நிற்கின்றன. அவற்றுக்குள்ளும் ஆட்கள் படுக்கிறார்கள், சமைக்கிறார்கள், சட்டையைத் துவைத்துக் கண்ணாடிக் கம்பியில் காயப் போடுகிறார்கள். அதை ஒருத்தரும் கேரவன்னு சொல்றதில்லை. ஒரே காரியத்தைச் செய்யும் இரண்டு வண்டிகளில் ஒன்றுக்குப் பெயரும் கௌரவமும், மற்றதற்கு அபராதச் சீட்டும் வந்து சேர்ந்தது எப்படி என்பதே இங்கு என் கேள்வி.

மேற்கில் இதற்கொரு நேர்த்தியான வரலாறு எழுதி வைத்திருக்கிறார்கள். 1950இல் வோக்ஸ்வாகன் கம்பெனி சரக்கு ஏற்றும் டப்பா வண்டி ஒன்றைக் கொண்டுவருகிறது. அடுத்த வருஷமே வெஸ்ட்ஃபாலியா என்ற இன்னொரு ஜெர்மன் நிறுவனம் அதற்குள் வைத்து எடுக்கிற மாதிரி படுக்கையும் அலமாரியும் அடுப்பும் கொண்ட ஒரு பெட்டியைச் செய்து விற்கிறது. பிறகு ஆளாளுக்குப் பழைய வேனை வாங்கி, தானே ரம்பம் பிடித்து, ஜன்னல் வெட்டி, கட்டில் போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவி, 'சுதந்திரம்' என்பதன் படமாகவே அந்த வண்டி ஆகிப்போனது. ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' அந்தப் படத்தில் கல்லெறிந்தது. 2008 நெருக்கடிக்குப் பிறகு வீடு வைத்துக்கொள்ள வழியில்லாத வயசானவர்கள் வேனுக்குள் குடியேறி, கிடங்கு கிடங்காகக் கூலி வேலைக்கு அலைந்ததைச் சொல்லும் நூல் அது. உல்லாசம் என்று நினைத்ததற்குள்ளே உழைப்பு உட்கார்ந்திருந்தது. நம்மிடம் வரிசையே வேறு. இங்கே உழைப்பாளியின் வண்டிதான் முதலில். உல்லாச வண்டி நேற்றைக்கு வந்தது.

தமிழில் கேரவனுக்குச் சொல் இல்லாமல் இல்லை. 'சாத்து' என்பது கூட்டமாய்ப் போகும் வணிகர் அணி. கோவலனின் தகப்பன் மாசாத்துவான், அதாவது பெரிய சாத்துக்குத் தலைவன். ஆனால் சாத்துக்குத் தலைவனை நினைவு வைத்திருக்கிற மரபு, வண்டியிலேயே வாழ்ந்தவர்களையும் ஓரமாகப் பதிவு செய்திருக்கிறது. உப்பு விற்கப் போன உமணர்கள் குடும்பத்தோடு போனார்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, உமணப் பெண் கைக்குழந்தையோடு எருதுகளை ஓட்டிப் போவதையும், வண்டி முகப்பில் காடிக் கலயம் தொங்குவதையும் காட்டுகிறது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் தரும் செய்தி இன்னும் சுவாரஸ்யமானது: மேடுபள்ளத்துக்குப் பயந்து உமணர்கள் வண்டியின் அடிமரத்தில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். சேம அச்சு. அவர் அதை மன்னனுக்கு உவமையாக்கிவிட்டார்; நாம் உவமையைக் கழற்றி வைத்துவிட்டுப் பொருளை மட்டும் பார்க்கலாம். தன் வண்டியைத் தன் அனுபவத்தால் மாற்றிக்கொண்ட ஆட்களைப் பற்றித் தமிழில் கிடைக்கிற மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அது. வரைபடம் கிடையாது, அனுமதியும் கிடையாது. வழி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் செய்த வேலை.

இனி அம்பத்தூருக்கு வருவோம். சென்னையின் மேற்குப் புறத்தை வாகனங்களின் நாடு என்று சொன்னால் மிகையில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆவடி பெரிய இராணுவத் தளம். ஆவடி என்ற பெயரையே இங்கிலீஷ் எழுத்துக்களாகப் பிரித்து 'கவச வண்டிகளும் வெடிமருந்தும்' என்று விளக்கம் சொல்லும் கதை ஒன்று உலவுகிறது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போர் முடிந்ததும் இந்தியா முழுக்க இராணுவத்தின் உபரி வண்டிகள் 'டிஸ்போசல்' என்று ஏலத்துக்கு வந்தன. சிப்பாய் ஏறிய வண்டிமேல் மரக்கூடு கட்டி பஸ்ஸும் லாரியும் ஆக்கினார்கள். 1955 அக்டோபரில் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1959இல் அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை. அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் வரிசையாக வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1965இல் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி. வடக்கே எண்ணூரில், ஆஸ்டின் கார் பூட்டுவதற்கென்று 1948இல் தொடங்கப்பட்டு, 1955இல் பெயர் மாறிய அசோக் லேலண்ட்.

பட்டியலை இன்னும் நீட்டலாம், ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சக்கரம் பாடியில், பிரேக் பாடியில், ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் பாடியில், டயர் பக்கத்து அம்பத்தூரில். ஆனால் லாரியின் 'பாடி' மட்டும் இந்தத் தொழிற்சாலைகள் எதிலும் இல்லை! பழந்தமிழில் பாடி என்றால் படை தங்கும் இடம், பாடிவீடு, பாசறை. தங்குமிடம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஊர் வண்டியின் எல்லா உறுப்பையும் செய்தது, வண்டிக்குள் தங்குகிற இடத்தைத் தவிர. அதற்கு முதலும் போடவில்லை, பொறியாளரையும் வைக்கவில்லை. பல பத்தாண்டுகளுக்கு எண்ணூரிலிருந்து லாரி வெளியே வந்தது வெறும் சேசிஸாகத்தான்: எஞ்சின், சட்டம், சக்கரங்கள், ஸ்டியரிங், முன்னால் ஒரு தகர முகப்பு. கதவு இல்லை, கூரை இல்லை, சீட்டும் இல்லை. ஒரு பலகையையோ பெட்டியையோ கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் அதைக் கரூருக்கும் நாமக்கல்லுக்கும் ஓட்டிப் போன 'சேசிஸ் டிரைவர்'களை என் வயதுக்காரர்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பார்த்திருப்பார்கள். சிறு வயதில் எனக்கு அது எலும்புக்கூடு நடந்து போவதுபோல இருக்கும்.

ரயில்பெட்டித் தொழிற்சாலையின் முழுப்பெயரில் 'ஒருங்கிணைந்த' என்ற சொல் வரும். சட்டம் தனி, கூடு தனி என்றில்லாமல் கூடே பாரத்தையும் தாங்குகிற அமைப்பு. அரசு தன் மூலதனத்தில் செய்த வண்டியில் ஆள் உட்காரும் இடம் வடிவமைப்பின் பகுதியாக இருந்தது. தனியார் சரக்கு வண்டியில் அது தனியாகப் பிரிக்கப்பட்டு, வாங்கினவன் பாடு என்று விடப்பட்டது. இதை வெறும் தொழில்நுட்ப வித்தியாசம் என்று கடந்துபோக முடியவில்லை. சரக்கு எப்படிப் போகவேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு, ஓட்டுகிறவன் எப்படி இருக்கவேண்டும் என்பதற்குக் கணக்கு கிடையாது. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் பட்டறைக்காரர்கள்.

எப்படிப் போட்டார்கள்? இதை அம்பத்தூர், மதுரவாயல் பக்கத்துப் பட்டறைகளில் நின்று கேட்டவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், சிறுபத்திரிகையில் ஆணி, போல்ட் பற்றி எழுதக்கூடாது என்று சட்டமில்லை. முதலில் ஆசாரி. சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்கள்மேல் மர உத்தரம் வைத்து, அதை யூ போல்ட்டால் கவ்விப் பிடிக்கவேண்டும். சட்டத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் ஓட்டை போடக்கூடாது, வெல்டிங்கும் வைக்கக்கூடாது. போட்டால் பாரம் ஏறி இறங்குகிற இடத்தில் விரிசல் அங்கேதான் தொடங்கும். "ஓட்டை போட்டவன் வண்டி ஓட்டைதான்" என்றார் ஒரு பெரியவர். பிறகு மரச்சட்டக் கூடு, அதன்மேல் டிங்கர் அடிக்கும் தகரம், பிறகு குஷன்காரர், எலக்ட்ரீஷியன், கடைசியில் பெயிண்டர். ஓட்டுநர் கூடவே இருப்பார். வண்டி பட்டறையில் கிடக்கிற நாட்களில் அங்கேயே படுத்து, 'கால இன்னும் கொஞ்சம் நீட்டணும்', 'இந்தப் பக்கம் ஒரு தட்டு', 'சாமி படத்துக்கு ஒரு பலகை' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அளவு நாடா அவருடைய உடம்புதான். ஆறடி ஆளுக்குக் கட்டின படுக்கையும் ஐந்தரை அடி ஆளுக்குக் கட்டின படுக்கையும் ஒரே மாடல் வண்டியில் வேறு வேறாக இருக்கும்.

இதற்குள்ளே இருந்த அறிவு சாதாரணமானதில்லை. பழைய லேலண்டில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்தது. அந்தப் பானட்தான் அடுப்புப் போலக் கொதிக்கும். அதன்மேல் சாக்கு, அதன்மேல் பழைய கம்பளி, அதன்மேல் ரெக்ஸின் என்று அடுக்கினார்கள். சூட்டைத் தடுப்பதற்கு, கூடவே கிளீனர் உட்காருவதற்கு, கூடவே காலையில் கட்டின சோற்றை மத்தியானம்வரை வெதுவெதுப்பாக வைப்பதற்கு. மூன்று காரியத்துக்கு ஒரே அடுக்கு. கூரைக்கு அடியில் பிளைவுட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் தெர்மாகோல் தாள் வந்தது பிற்பாடு. தண்ணீர் டிரம்மை ஒரு பக்கமாகக் கட்டினால் வண்டி அந்தப் பக்கம் சாயும் என்பதும், கேபின் உச்சியில் தார்ப்பாயும் கயிறும் ஏற ஏறத் திருப்பத்தில் வண்டி ஆடும் என்பதும் ஏட்டில் படித்து வந்ததல்ல.

மின்சாரக் கதை தனி. பெரிய லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகக் கோர்த்து 24 வோல்ட் எடுப்பார்கள். கடையில் கிடைக்கிற டேப்ரெக்கார்டரோ 12 வோல்ட். என்ன செய்வது? ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுவார்கள். பாட்டு கேட்கும், ஃபேன் சுற்றும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே வரும். சார்ஜ் ஏறும்போதோ இரண்டுக்கும் ஒரே மின்னோட்டம்தான், ஆகவே மற்றது அளவுக்கு மேல் ஏறித் தண்ணீர் வற்றும். சில மாதத்தில் இரண்டும் போச்சு. 'இளையராஜா ஒரு பேட்டரியைக் குடிச்சுட்டார்' என்று எலக்ட்ரீஷியன்கள் கிண்டல் செய்வார்கள். 24ஐ 12ஆக இறக்கித் தரும் சின்னக் கன்வர்ட்டர் டப்பா அதற்குச் சரியான பரிகாரம். பலர் ஒரு செட் பேட்டரியைக் காவு கொடுத்த பிறகே அதை மாட்டினார்கள்.

இந்த இடத்தில் கோட்பாடு தெரிந்த நண்பர்கள் லெவி-ஸ்ட்ராஸை இழுப்பார்கள் என்று தெரியும். 1962இல் அவர் பிரித்துக் காட்டிய இரண்டு பேர்: திட்டமும் அதற்கேற்ற கருவியும் வைத்துக்கொண்டு வேலை தொடங்குகிற பொறியாளர் ஒருவர், கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிற கைவினையாளர் இன்னொருவர். 1966இல் தெரிதா இதைத் திருப்பிப் போட்டார்: தன் மொழியை முழுக்கத் தானே படைத்துக்கொள்ளும் பொறியாளர் என்று ஒருவர் கிடையாது, அப்படி ஒருவர் இருப்பதாகச் சொல்வதே ஒப்பேற்றுகிறவர் கட்டிய புராணம் என்றார். லாரி கேபின் விஷயத்தில் இதை நான் புராணம் என்ற அளவில் நிறுத்தமாட்டேன். அந்தப் பொறியாளர் சட்டப் புத்தகத்தில் இருக்கிறார், அவர் பெயர் 'தயாரிப்பாளர்'. அதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன், கைவினையைக் கும்பிட்டுக் கற்பூரம் காட்டும் ஆபத்தையும் சொல்லிவிடவேண்டும். பட்டறையில் ஆசாரியின் வேலைக்கு ஒரு மதிப்பு, டிங்கருக்கு வேறொரு மதிப்பு, கரி அள்ளும் பையனுக்கு எதுவும் இல்லை. கேபினுக்குள்ளும் அதே படிநிலை. படுக்கை டிரைவருக்கு, கிளீனர் பையன் பானட் மேலே, இல்லாவிட்டால் கேபின் உச்சியில் தார்ப்பாய் மேலே, மழை பெய்தால் வண்டிக்கடியில். உமணரின் வண்டியில் பெண்ணும் குழந்தையும் இருந்தார்கள். இந்த வீட்டில் அவர்கள் இல்லை. கண்ணாடியில் ஒட்டின புகைப்படமாக மட்டும் இருப்பார்கள்.

சட்டம் இவர்களைப் பார்க்கவே இல்லையா என்றால், பார்த்தது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961, நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்றது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி ஓய்வு என்றது. தொழிலாளர்கள் இரவு தங்கவேண்டிய இடங்களில் ஓய்வறை கட்டிக் கொடுக்கவேண்டும் என்றும் எழுதியது. எல்லாம் சரி. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கிற நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஒரு லாரி, ரெண்டு லாரி வைத்திருக்கிற முதலாளிகளால் ஆன ஒரு தொழிலில் இதற்கு என்ன அர்த்தம்? ஓய்வறை கேபினுக்குள் கட்டப்பட்டது, ஓட்டுநர் செலவில். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 1961 சட்டத்தையும் தன்னுள் சுருட்டிக்கொண்டது.

மாற்றம் செய்வதைப் பற்றிய சட்டம் வேறு பாதையில் போனது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு முதலில், பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு வண்டியை மாற்றிக்கொள்ள வழி வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் திருகி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி எவரும் வண்டியை மாற்றக்கூடாது என்றது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்றது.

'தயாரிப்பாளர் முதலில் குறித்தது.' இந்தச் சொற்றொடரைத்தான் நாம் நிறுத்தி நிதானமாகப் படிக்கவேண்டும். நம் லாரியில் தயாரிப்பாளர் முதலில் குறித்தது என்ன? முகப்புத் தகரம் வரைக்கும்தான். அதற்குப் பின்னால் இருந்தது வெறும் காற்று. அந்தக் காற்றில் கதவும் கூரையும் படுக்கையும் வைத்தவர்கள் பட்டறைக்காரர்கள். பதிவுக்குப் போகும் 22-ஏ படிவத்தில் பாடி கட்டினவருக்கென்று ஒரு பகுதி உண்டு. பட்டறை முதலாளி அதில் கையெழுத்துப் போடுவார். அளவு சொன்ன ஓட்டுநரும் மரம் இழைத்த ஆசாரியும் எந்தப் பகுதியிலும் வரமாட்டார்கள். பிறகு கேபின் தொழிற்சாலைக்குள் போனது, அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் வர ஆரம்பித்தது. பட்டறையின் அறிவு கம்பெனியின் 'மூல வடிவம்' ஆனது. அதன் பிறகு அதே ஓட்டுநர் பின்பக்கம் ஒரு தட்டைக் கூட்டினால், அது மூலத்திலிருந்து விலகல். அறிவைப் பறிப்பதற்குக் காப்புரிமைதான் வேண்டுமென்பதில்லை, ஒரு வினையடை போதும்: 'முதலில்'.

அதே காலத்தில் மேலே சொன்ன வெள்ளை வண்டிக்குப் பாதை திறந்தது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று ஒரு தரநெறி. 2021 செப்டம்பரில் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கையும் மானியமும் அறிவித்தது. டெம்போ டிராவலரின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், கழிப்பறை, சோலார் பலகை பொருத்துவது இப்போது ஒரு தொழில். நான் இதற்கு எதிரி அல்ல. தரநெறியே வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி. ஓடுவதற்காக ஜெனரேட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள், தரையிலிருந்த ஓட்டை வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறியிருக்கிறது. இருவரும் அந்த வண்டியில் வேலை பார்த்தவர்கள். ஓர் ஓட்டையை எங்கே போடவேண்டும், எதை வைத்து அடைக்கவேண்டும் என்பது உயிர் சம்பந்தப்பட்ட அறிவு. அதனால்தான் அது யாரிடம் இருக்கிறது, யாரோடு பேசி எழுதப்படுகிறது என்று கேட்கிறேன். எந்தத் தரநெறியையும் எழுதுகிற மேசையில் கேபினுக்குள் தூங்குகிற ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டதாக நான் அறிந்தவரை இல்லை.

'ஏ.சி. போட்டுக் குடுத்தா டிரைவர் தூங்கிருவான்' என்று சொன்ன முதலாளிகளை நானே கேட்டிருக்கிறேன். சூட்டில் வெந்தால் விழித்திருப்பான் என்பது அந்தச் சமையல் சாஸ்திரம். 2023 டிசம்பரில் வந்த மத்திய அரசு அறிவிக்கை, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்றது. வரவேற்கவேண்டியதுதான். அந்தத் தேதிக்கு முன்னால் செய்த லாரிகளுக்கு அது பொருந்தாது. அவற்றில் இன்னும் ஃபேன்தான், வெளியே முப்பத்தெட்டு டிகிரி என்றால் ஃபேன் வீசுவதும் முப்பத்தெட்டுதான்.

இன்னொரு விதியைப் பற்றி அதிகம் பேச்சில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், தேசிய பர்மிட்டில் ஓடும் லாரிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்றன. ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் வண்டியின் முழு அகலத்துக்கும் ஒரு சீட் இருக்கவேண்டும், அதில் மாற்று ஓட்டுநர் கால் நீட்டித் தூங்க வசதி இருக்கவேண்டும் என்றும் சொல்லின. இந்தியச் சட்ட வாசகங்களில் தூக்கம் என்ற சொல்லை இவ்வளவு பரிவோடு நான் வேறெங்கும் படித்ததில்லை. பட்டறைகள் அந்தச் சீட்டைத்தான் கட்டின. 2018 நவம்பரில் இரண்டாவது ஓட்டுநர் கட்டாயம் என்பது நீக்கப்பட்டது. கிளீனர் வேலை ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்தது. இப்போது நிறைய வண்டிகளில் ஒரே ஆள்தான். அவர் தூங்கவேண்டுமென்றால் வண்டி நிற்கவேண்டும், வண்டி நின்றால் முதலாளியின் போன் வரும். பகலில் கனரக வண்டிகள் நகருக்குள் நுழையத் தடையுள்ள மணிகளில் மட்டும் மதுரவாயலிலோ பூந்தமல்லியிலோ ஓரங்கட்டிக் கொஞ்சம் கண்ணை மூடுகிறார். பின்சீட்டில் அரிசி மூட்டை, தார்ப்பாய், ஜாக்கி, மாற்றுச் சட்டை எல்லாம் ஏறிக் கிடக்கிறது. அவர் ஸ்டியரிங் மேலேயே தலை வைத்துப் படுத்திருக்கிறார்.